கற்பனை: பொருள், ஒத்த சொற்கள், எல்லைப் பக்கத்துக் குழப்பங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பஸ்ஸில் மலையாள போர்டு படிப்பார்கள், சந்தையில் இரண்டையும் கலந்து விலை பேசுவார்கள். இப்படி வளரும் பிள்ளையை மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று 'கற்பனை'. வகுப்பில் பிள்ளைகளும், வாசலில் பெற்றோரும், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் என்னிடம் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கற்பனை என்றால் நேரான பொருள் என்ன?

கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றை மனத்தில் உருவாக்கிப் பார்ப்பது. அந்தச் செயலுக்கும் அதுதான் பெயர், அப்படி உருவானதற்கும் அதுதான் பெயர். "கற்பனை செய்து பார்" என்னும்போது செயல். "இந்தக் கதை முழுக்க என் கற்பனை" என்னும்போது விளைந்த பொருள். "அவளுக்குக் கற்பனை அதிகம்" என்றால் திறமை. அதையே 'கற்பனை வளம்', 'கற்பனைத் திறன்' என்றும் எழுதுகிறோம்.

'உண்மையில் இல்லாத' என்ற பொருளில் பெயரடையாகவும் வரும். புவியியல் பாடத்தில் வரும் நிலநடுக்கோடும் தீர்க்கக்கோடும் கற்பனைக் கோடுகள். படம் தொடங்கும் முன் "கதாபாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்று திரையில் போடுகிறார்களே, அதுவும் இந்தப் பொருள்தான்.

இது தமிழ்ச் சொல்லா, வடசொல்லா?

வடசொல். 'கல்பனா' என்பதன் தமிழ் வடிவம். வேர், 'க்லுப்' என்ற வடமொழி வினை. ஒழுங்கு செய்தல், பொருத்தி அமைத்தல், ஆக்குதல் என்று அதற்குப் பொருள். இந்த 'ஆக்குதல்' என்ற பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் குழப்பங்களில் பாதி அதைக் கொண்டே தீரும்.

ஆனால் வந்த சொல் வந்தபடியே நிற்கவில்லை. 'ல்' என்ற எழுத்துக்குப் பின் 'ப' வந்தால் தமிழ் அதை 'ற்' ஆக்கிவிடும். பல் + பொடி பற்பொடி ஆவது போல, அல்பம் அற்பம் ஆனது, சில்பம் சிற்பம் ஆனது, கல்பனா கற்பனை ஆனது. நூற்றாண்டுக் கணக்கில் நம் வாயில் உருண்ட சொல் இது. வடசொல் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்காக ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

மலையாளத்தில் 'கல்பன' என்றால் உத்தரவு என்கிறார்களே. எது சரி?

இரண்டும் சரி. இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்தது ஒரு ஏழாம் வகுப்பு நோட்டிலிருந்து. 'கற்பனை' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: "ராஜா கற்பனை செய்தார், உடனே சிப்பாய்கள் ஓடினார்கள்." நான் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டேன். அவள் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், ராஜா கற்பனை பண்ணுனாருன்னா உத்தரவு போட்டாருன்னுதானுங்க அர்த்தம்? பக்கத்து வீட்டு அம்மம்மா கதை சொல்றப்ப அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் சொன்னது முழுக்க நியாயம். மலையாளத்தில் "ராஜாவு கல்பிச்சு" என்றால் 'அரசர் ஆணையிட்டார்'. 'ராஜகல்பன' என்றால் அரச கட்டளை. ஒருவரைச் சாதியை விட்டு விலக்கி வைத்ததை "பிரஷ்டு கல்பிச்சு" என்பார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மலங்கரைச் சபைகளில் தலைமைப் பேராயர் சபையாருக்கு எழுதி, ஞாயிறு வழிபாட்டில் படிக்கப்படும் கடிதத்துக்கும் 'கல்பன' என்றே பெயர். எங்கள் சித்தூர் தாலுகா 1956-இல் கேரள மாநிலம் அமைவதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதற்கு முன் கொச்சி ராஜாவின் ஆட்சியில். அந்த அம்மம்மா சொன்ன கதையில் வரும் ராஜா 'கல்பிப்பது' இயற்கைதானே.

ஆக்குதல் என்ற வேரிலிருந்து பாருங்கள். ஓர் ஒழுங்கை ஆக்கி, இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது கட்டளை. மலையாளம் அந்தப் பக்கம் போனது. மனத்துக்குள் ஒன்றை ஆக்கிப் பார்ப்பது கற்பனை. தமிழ் இந்தப் பக்கம் வந்தது. அன்றைக்கு நான் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே 'மலையாளத்தில் சரி, தமிழில் வேறு' என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் இந்தப் பாடத்தையே அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

தமிழில் 'கற்பனை' என்பதற்குக் கட்டளை என்ற பொருள் கிடையவே கிடையாதா?

உண்டு. பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் படிப்பவர்களுக்கு உடனே தெரியும். "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. அங்கே கற்பனை என்றால் கட்டளை. 'பத்துக் கற்பனைகள்' என்றால் பத்துக் கட்டளைகள். கத்தோலிக்கர்களும் புதிய மொழிபெயர்ப்புகளும் 'கட்டளை' என்றே சொல்வதால், இளையவர்களுக்கு அந்தப் பழைய பொருள் மெல்ல மறந்து வருகிறது.

ஒரு பெற்றோர் என்னிடம் மனம் வருந்திக் கேட்டார்: "சாமி சொன்னதை எப்படிங்க டீச்சர் கற்பனைன்னு எழுதலாம்? பொய்யின்னு ஆயிடாதா?" ஆகாது. மொழிபெயர்த்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் வழக்கில் இருந்தது. வீட்டில் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர்கள் கட்டளை என்ற பொருளில் கற்பனையைப் பயன்படுத்த வேண்டாம். படிக்கும்போது மட்டும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

அப்படியானால் நம் கற்பனைக்கு மலையாளத்தில் என்ன சொல்?

'பாவன'. எழுத்தாளரின் கற்பனையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சொல்வது அதுதான். "கற்பனை செய்து பார்" என்பதற்கு "சங்கல்பிச்சு நோக்கூ" என்பார்கள். புவியியலில் நமக்குக் கற்பனைக் கோடு, அவர்களுக்குச் 'சாங்கல்பிக ரேகை'. "அதெல்லாம் உன் கற்பனை, அங்கே யாரும் இல்லை" என்று பயந்த பிள்ளையிடம் சொல்லும் இடத்தில் 'தோன்னல்' என்ற அழகான சொல் அவர்களிடம் இருக்கிறது. நம் 'தோன்றல்', 'தோணுது' என்பதன் உடன்பிறப்பு. அது வெறும் தோன்னல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். இந்தச் சொற்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பொருள் மாறிவிடும். தமிழில் 'பாவனை' என்றால் நடிப்பு, சாயல், முகக்குறி. "தூங்குவது போலப் பாவனை செய்தான்", "முகபாவனை" என்கிறோம். சைவ சித்தாந்தத்தில் இறைவனை மனத்தில் நிறுத்தி ஒன்றி நிற்பதைப் பாவனை என்பார்கள். அது மலையாளப் பொருளுக்குச் சற்று அருகில் வருகிறது. இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. அங்கே பொருள் வாங்கும் நுகர்வோருக்குப் 'பாவனையாளர்' என்று பெயர்.

'சங்கற்பம்' தமிழில் உறுதி, தீர்மானம். பூஜை தொடங்கும் முன் செய்வதும் சங்கற்பம், "எல்லாம் தெய்வ சங்கற்பம்" என்று பெரியவர்கள் சொல்வதும் அதுதான். கற்பனை என்ற பொருள் அதற்குத் தமிழில் வராது.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டா?

குழப்பம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. எங்கள் ஊர் சித்தூர், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர், இரண்டும் தமிழ்நாட்டு எல்லையில். அந்தச் சித்தூரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, ஓர் அலுவலகப் பலகையில் 'உபாதி கல்பன' என்று தெலுங்கில் எழுதியிருந்ததை என் உறவுக்காரப் பையன் படித்துக் காட்டினான். 'உபாதி' என்றால் நமக்கு உடம்பு நோவு, 'கல்பன' என்றால் கற்பனை. கற்பனையான நோவுக்கு ஓர் அலுவலகமா என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். உபாதி என்றால் தெலுங்கில் பிழைப்பு, வேலை. கல்பன என்றால் ஏற்படுத்தித் தருதல். வேலைவாய்ப்பு அலுவலகம் அது.

தெலுங்கில் 'கல்பிஞ்சு' என்பது ஏற்படுத்திக் கொடுப்பதற்கு அன்றாடம் வழங்கும் சொல். வசதி கல்பிப்பார்கள், வாய்ப்புக் கல்பிப்பார்கள். கதைப் புனைவு என்ற பொருளும் கல்பனைக்கு அங்கே உண்டு. ஆனால் "கற்பனை செய்து பார்" என்று பேச்சில் சொல்ல 'ஊஹிஞ்சுகோ' என்பார்கள். அந்த 'ஊஹ'தான் நம் ஊகம்.

அரசன் ஓர் ஒழுங்கை ஆக்கினால் மலையாளக் கல்பன, அரசாங்கம் வேலையை ஆக்கினால் தெலுங்குக் கல்பன, மனம் ஓர் உருவத்தை ஆக்கினால் தமிழ்க் கற்பனை. வகுப்பில் இதைக் கரும்பலகையில் மூன்று மூலையில் எழுதி, நடுவில் 'ஆக்குதல்' என்று எழுதுவேன். அப்புறம் யாரும் மறப்பதில்லை.

கற்பனைக்கு ஒத்த சொற்கள் என்னென்ன? எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதலாமா?

மாற்ற முடியாது. ஒத்த சொல் என்பது அண்ணன் தம்பி போல. முகம் ஒத்திருக்கும், ஆள் வேறு. தேர்வுப் புத்தகங்களில் கற்பனை, புனைவு, ஊகம், பாவனை, கனவு என்று வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எது எங்கே பொருந்தும் என்று சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தாலுகாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆழியாற்றுத் தண்ணீர். அது வந்தால்தான் சித்தூர்ப் புழையில் (ஆற்றில்) ஓட்டம், வாய்க்காலில் பாய்ச்சல். ஒருநாள் காலையில் தண்ணீர் கலங்கி வருகிறது. "மேலே மழை பெய்திருக்கு" என்று அப்பா சொல்கிறார். அவர் மழையைப் பார்க்கவில்லை. கலங்கலைப் பார்த்து மழையை அறிகிறார். இது அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு போவது. "இந்த வருஷம் தண்ணியைச் சீக்கிரம் நிறுத்திடுவாங்க போல" என்கிறார். அடையாளம் உறுதியில்லை, மனம் எட்டிப் பார்க்கிறது. இது ஊகம், யூகம் என்றும் எழுதுவார்கள். "தண்ணி மட்டும் நின்னு வந்தா, தென்னைக்கு நடுவுல வாழை வெச்சிரலாம்" என்று சொல்லும்போது அவர் கண்ணில் அந்த வாழைத்தோப்பு நிற்கிறது, குலை தள்ளியிருக்கிறது. இது கற்பனை. அந்தத் தோப்பை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டால் அது மனப்பால் குடிப்பது, மனக்கோட்டை கட்டுவது. ராத்திரி யாரோ மடையைத் திருப்பிவிடுகிறார்கள் என்று இல்லாத ஆளைக் கண்டு எழுந்து ஓடினால் பிரமை. ஒரே வயல், ஒரே மனிதர், ஐந்து சொல்.

'புனைவு' என்பதுதான் கற்பனைக்கு மிகவும் நெருங்கிய தமிழ்ச் சொல். எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் கூட. புனைதல் என்றால் தொடுத்தல், அழகுபடுத்தல், தீட்டுதல். மாலை புனைவார்கள், ஓவியம் புனைவார்கள். நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்து அலங்காரமின்றி இருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார் புலவர். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிற்கும் சித்திரம். அந்தப் புனைதல்தான் பிறகு கதை புனைவது, புனைகதை, புனைபெயர் என்று வளர்ந்தது. கற்பனை மனத்தில் தோன்றி மனத்திலேயே கரைந்தும் போகலாம். புனைவு என்று சொன்னால், அதை ஒருவர் கட்டி முடித்து வெளியே வைத்துவிட்டார் என்று பொருள். அதனால்தான் நூல் வகையைச் சொல்ல 'புனைவு', 'அபுனைவு' என்கிறோம். "கற்பனை நூல்" என்று சொன்னால் அப்படி ஒரு நூலே இல்லை என்று ஆகிவிடும்.

'கற்பிதம்' கட்டுரைகளில் அடிக்கடி வரும். மனிதர்கள் சேர்ந்து உண்டாக்கி, பிறகு இயற்கையில் இருந்தது போலவே நம்பத் தொடங்கியதைச் சொல்ல அது நல்ல சொல். கற்பனையில் இருக்கும் மகிழ்ச்சி அதில் இல்லை. பள்ளிக் கட்டுரையில் கற்பனைக்குப் பதிலாக இதைப் போடாதீர்கள்.

கட்டுக்கதை, இட்டுக்கட்டுதல், கயிறு திரித்தல், சரடு விடுதல், வழக்கு ஜோடித்தல் எல்லாம் பொய்ப் பக்கம் சாய்ந்த சொற்கள். ஆனாலும் இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கட்டுவது, திரிப்பது, ஜோடிப்பது எல்லாமே கைவேலை. புனைவதும் கைவேலை, வடமொழி வேரும் ஆக்குதல்தான். இல்லாததை மனம் உண்டாக்குவதைச் சொல்ல வந்த இடத்திலெல்லாம் தமிழ் கையின் தொழிலைத்தான் தொட்டிருக்கிறது.

கற்பனையும் பொய்யும் ஒன்றுதானே?

இல்லை. இதை எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வேன். "கற்பனை பண்ணாதே, உண்மையைச் சொல்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். பொய் சொல்கிறவன் கேட்பவரை நம்ப வைத்து ஏமாற்ற நினைக்கிறான். கற்பனை செய்கிறவன் தான் ஆக்கியதை ஆக்கியது என்று தெரிந்தே நம் முன் வைக்கிறான். பிள்ளை பொய் சொன்னால் "பொய் சொல்லாதே" என்றே சொல்லலாமே. கற்பனை என்ற சொல்லை ஏன் திட்டுவதற்கு எடுக்க வேண்டும்?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் அகப்பாடலைப் பற்றிச் சொல்லும்போது 'நாடக வழக்கு', 'உலகியல் வழக்கு' என்ற இரண்டும் கலந்து வருவது புலவர் நெறி என்கிறது. உலகியல் வழக்கு என்றால் ஊரில் நடப்பது. நாடக வழக்கு என்றால், சுவையானவை எல்லாம் ஓரிடத்தில் வந்தது போலத் தொகுத்துச் சொல்வது என்று இளம்பூரணர் உரை சொல்கிறது. கற்பனை என்ற வடசொல்லின் துணையில்லாமலே அந்தக் கருத்துக்குத் தமிழில் பெயர் இருந்திருக்கிறது.

இன்னொரு வரி, இறையனார் அகப்பொருள் உரையில் வருவது: "இல்லது இனியது நல்லது என்று புலவரால் நாட்டப்பட்டது." அகவொழுக்கத்துக்கு உரைகாரர் சொல்லும் விளக்கம் இது. இல்லாதது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்து இனியது, அதற்கடுத்து நல்லது. பிறகு 'நாட்டப்பட்டது'. நடுகல் நாட்டுவது போல, பந்தல்கால் நாட்டுவது போல. மறுபடியும் ஒரு கைவேலை! 'கற்பனை என்றால் என்ன' என்று யார் கேட்டாலும் இந்த வரியைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

'கற்பனை நயம் எழுதுக' என்று கேட்டால் என்ன எழுதுவது?

பாட்டில் கவிஞர் இல்லாத எதை உண்டாக்கியிருக்கிறார் என்று கண்டுபிடித்து, அதைச் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். "கவிஞர் மிக அழகாகக் கற்பனை செய்துள்ளார்" என்று எழுதிவிட்டு நிறுத்தினால் மதிப்பெண் வராது.

கற்பனையோடு நேராகத் தொடர்புள்ள அணிகள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடக்கும் நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடி காற்றில் ஆடுகிறது. கொடி ஆடுவது இயல்பு. அது 'வாரல்', அதாவது வராதே என்று கைகாட்டி மறிப்பது போல இருந்தது என்கிறார் இளங்கோ. அதே காதையில் வையை ஆற்றின் மேல் பூக்கள் பரவி மிதக்கின்றன. இவர்களுக்கு வரப்போகும் துன்பம் தெரிந்து, கண்ணீரை மறைக்க வையை என்ற பெண் பூவாடை போர்த்திக்கொண்டாளாம். சேர நாட்டு இளங்கோ எழுதியது என்பது மரபு. பழைய சேர நாட்டின் பெரும்பகுதி இன்றைய கேரளம். ஆகவே எங்கள் பிள்ளைகளிடம் "இது உங்கள் ஊர்க்காரர் எழுதியது" என்றே சொல்லிப் படிப்பேன்.

மற்றொன்று இல்பொருள் உவமை அணி. உலகில் இல்லாத ஒன்றை உவமையாகக் காட்டுவது. அன்பில்லாத வாழ்க்கை, வன்னிலத்தில் பட்ட மரம் தளிர்த்தது போல என்கிறது குறள் (78). பட்ட மரம் தளிர்க்காது. தளிர்க்காது என்பதால்தான் உவமை பொருந்துகிறது.

'கற்பித்தல்' என்றால் சொல்லிக் கொடுப்பதா, கற்பனை செய்வதா?

இரண்டும் உண்டு, ஆனால் அவை வேறு வேறு சொற்கள். 'கல்' (படி) என்ற தமிழ் வினையிலிருந்து வரும் கற்பித்தல், பாடம் சொல்லிக் கொடுப்பது. 'கல்பி' என்ற வடசொல்லிலிருந்து வரும் கற்பித்தல், இல்லாததை ஏற்றிச் சொல்வது: "நடந்ததற்குப் புதுக் காரணம் கற்பிக்கிறார்", "நான் சொன்னதற்கு வேறு அர்த்தம் கற்பிக்காதே." எழுத்து ஒன்றாகிவிட்டதால் குழம்புகிறது. எதைக் கற்பிக்கிறார் என்று பாருங்கள். பாடம் என்றால் முதலாவது. காரணம், குற்றம், அர்த்தம் என்றால் இரண்டாவது.

கற்பு, கற்பகம், காயகற்பம், கர்ப்பம் எல்லாம் கற்பனையின் உறவா?

கற்பு உறவில்லை, அது 'கல்' என்ற தமிழ் வேரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கர்ப்பம் வேறு வடசொல். கற்பகமும் கற்பமும் உறவு. கற்பம் என்றால் பேரூழி, 432 கோடி ஆண்டு என்பது புராணக் கணக்கு. காயகற்பம் என்பது சித்த மருத்துவத்தில் உடம்பை மூப்பில்லாமல் வைத்திருக்கும் முறை. கேட்டதை ஆக்கித் தருவது கற்பக மரம்.

கற்பக மரத்தைப் பற்றி எல்லைக்காரர்கள் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 'கல்பவிருக்ஷம்' என்றால் தென்னை. தமிழ்நாட்டில் 'கற்பகத் தரு' என்று பனையைப் போற்றுகிறார்கள். தென்னை கேரளத்தின் மாநில மரம், பனை தமிழ்நாட்டின் மாநில மரம். எங்கள் கிழக்குப் பாலக்காட்டு வயல் வரப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இங்கே நாங்கள் எந்தக் கற்பகத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை.

'கற்ப்பனை', 'கர்ப்பனை', 'கல்பனை' என்று எழுதலாமா?

கூடாது. 'ற்' என்ற மெய்க்குப் பின் 'ப்' என்ற இன்னொரு மெய் வராது. எனவே 'கற்ப்பனை' பிழை. 'கல்பனை' என்று எங்கள் பிள்ளைகள் எழுதுவது மலையாள எழுத்தின் பழக்கம். கற்பனை, அவ்வளவுதான். கூட்டிச் சொல்லும்போது 'கற்பனைத் திறன்', 'கற்பனைக் கதை' என்று ஒற்று மிகும். 'கற்பனாசக்தி', 'கற்பனாவாதி' என்பவை வடமொழித் தொடர்கள், அவற்றை அப்படியே எழுதலாம்.

எதிர்ச்சொல்?

உண்மை, மெய்ம்மை, நடப்பு. இலக்கியப் பேச்சில் யதார்த்தம் (எதார்த்தம்). கனவுக்கு எதிர் நனவு.

சங்கீதத்தில் 'கற்பனை ஸ்வரம்' என்கிறார்களே, அது என்ன?

பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர் நேரத்தில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. கர்நாடக சங்கீதத்தில் இரண்டு பகுதி. முன்னரே இயற்றி வைத்த வர்ணம், கீர்த்தனை எல்லாம் 'கல்பித சங்கீதம்'. பாடகர் மேடையில் அப்போதைக்கு அப்போது உருவாக்கும் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் எல்லாம் 'மனோதர்ம சங்கீதம்'. கற்பனை ஸ்வரத்தில் கீர்த்தனையின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ராகமும் தாளமும் வழுவாமல் ஸரிகமவாகப் பாடிக்கொண்டே போய், அந்த வரியின் எடுப்பிலேயே (தொடங்கும் இடத்திலேயே) வந்து சரியாக இறங்க வேண்டும். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) போன்றவர்கள் இந்த மண்ணுக்கு அதைப் பழக்கிக் கொடுத்தார்கள்.

கல்பிதமும் கற்பனையும் ஒரே வேர். முடிந்து நிற்பது ஒன்று, அந்த நொடியில் பிறப்பது மற்றொன்று. கட்டுப்பாடு இல்லாமல் மனம் போன போக்கில் போவதுதான் கற்பனை என்று நினைப்பவர்கள், ஒரு தடவை கற்பனை ஸ்வரம் பாடும்போது கையில் தாளம் போட்டுப் பார்க்க வேண்டும். எட்டு அட்சரத்துக்குள், அதாவது எட்டு தாள எண்ணிக்கைக்குள், எத்தனை கணக்கு!

'கல்பனா' என்ற பெயருக்கும் இதே பொருள்தானா?

ஆமாம். விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லா 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கல விபத்தில் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு, 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டிருந்த வானிலைச் செயற்கைக்கோளுக்கு 'கல்பனா-1' என்று அவர் பெயரை வைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டா ஆந்திர எல்லையில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பனை என்ற சொல்லைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

சின்னப் பிள்ளைக்குக் கற்பனை என்றால் என்ன என்று எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

சொல்லிப் புரிய வைக்காதீர்கள். செய்ய வையுங்கள். "கற்பனை செய்" என்றால் பிள்ளை விழிக்கும். "நினைச்சுப் பாரு" என்று சொல்லுங்கள், உடனே கண்ணை மூடும்.

எங்கள் பள்ளிக்கு எதிரே வரப்பில் நாலைந்து பனை நிற்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் பாடமே கேட்காது. ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, "சரி, அந்தப் பனை என்ன சொல்லுது?" என்று கேட்டேன். "கிழங்கு தோண்ட வரச் சொல்லுது" என்றான் ஒருவன். "தலை சிக்கெடுக்கச் சொல்லி அழுவுது" என்றாள் இன்னொருத்தி. சிவப்புக் கோடு வாங்கிய அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு உள்ள வரணும் டீச்சர். கதவைத் தட்டீட்டே இருக்குது, நாம யாரும் திறக்க மாட்டேங்கிறோம்."

தற்குறிப்பேற்ற அணி பாடத்துக்கு நாங்கள் போகவே இன்னும் இரண்டு வாரம் இருந்தது.